கூக் மான்சிக் சொன்ன "புரிஞ்சுது"

காலையில் முகம் கழுவிவிட்டுக் கூடத்துக்கு வந்த சபாநாயகர் கூக் மான்சிக், வாசலில் கால் வைக்க இடமில்லாமல் ஷூக்கள் குவிந்து கிடப்பதைப் பார்த்தார். எல்லாம் கறுப்பு, எல்லாம் பனி ஒட்டியவை. உள்ளே சூடேறிய தரையில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் அதற்குள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டார்கள். மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைகூட இவ்வளவு உரிமையோடு உட்கார மாட்டான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க," என்றார் அவர்களுக்குத் தலைமை தாங்கி வந்திருந்த பியோன் ஜேஹாக். "இன்னைக்கு நீங்க சபைக்குப் போகக் கூடாது. நாங்க விடமாட்டோம். அவ்வளவுதான் விஷயம்."

"குளிக்கவாவது விடுவியா?"

"தாராளமா குளிங்க. சன்னல் வழியா மட்டும் குதிக்காதீங்க."

"இந்த இடுப்பை வச்சுக்கிட்டு நான் கட்டில்ல இருந்து இறங்குறதே பெரும்பாடு. நீ வேற."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்தார். ஆனால் சிரிக்கிற விஷயமில்லை அது.

அன்றுதான் ஆண்டிறுதிக் கூட்டத்தொடரின் கடைசி நாள். ஆளுங்கட்சி ஒரு சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. கம்பெனிக்காரன் நினைத்த மாத்திரத்தில் ஆளை வீட்டுக்கு அனுப்பலாம், முன்கூட்டிச் சொல்லவும் வேண்டாம், காரணமும் காட்ட வேண்டாம் என்று சொல்கிற சட்டம். அதற்குப் பெயர் மட்டும் அழகாக வைத்திருந்தார்கள். பெயர் அழகாக இருக்கும்போதே சந்தேகப்பட வேண்டும். சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்து மரச்சுத்தியால் மேசையில் மூன்று தட்டு தட்டினால் சட்டம் நிறைவேறிவிடும். அவர் வராவிட்டால் தட்ட ஆளில்லை. ஒரே ஒரு வழி உண்டு: "எனக்குப் பதிலா நீ உட்காரு" என்று துணை சபாநாயகரிடம் அவர் சொல்லிவிட்டால் போதும். எழுதித் தர வேண்டியதில்லை. வாய்ச்சொல்லே செல்லும். துணை சபாநாயகர் ஹா, ஆளுங்கட்சிக்காரர். சுத்தி எங்கே என்று காலையிலிருந்தே தேடிக்கொண்டிருப்பார்.

அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த சபாநாயகரின் மனைவி ஓக்பூன், கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"இத்தனை பேருக்கும் நான்தான் பொங்கிப் போடணுமா?"

"அண்ணி, ஒண்ணும் வேண்டாம், நாங்க பட்டினிப் போராட்டம்," என்றார் ஓர் உறுப்பினர்.

"பேரு கூக்னு வச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தவனுக்கு சூப்பு ஊத்தலைன்னா ஊரு சிரிக்காதா?" என்றார் பியோன்.

அவர்கள் மொழியில் கூக் என்றால் சூப்பு. வேறு எழுத்தில் எழுதினால் நாடு என்றும் பொருள். பள்ளிக்கூடத்தில் அவரைப் பையன்கள் சூப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் சபாநாயகர் ஆன நாளில் பத்திரிகைகள் நாடு என்று எழுதின. இரண்டையும் அவர் ஒரே மாதிரிதான் கேட்டுக்கொண்டார். ஓக்பூன் நெத்திலி போட்டு அடுப்பில் பெரிய பானையை ஏற்றினாள்.

கூக் மான்சிக் பள்ளிக்கூடத்தை அதிக நாள் பார்த்தவரில்லை. தெற்குக் கரையில் ஹேபோ என்ற துறைமுக ஊர். அப்பாவின் படகு திரும்பி வராத வருஷம் படிப்பு நின்றது. சைக்கிளில் கருவாடு விற்றார். பிறகு ஓர் எம்.பி.க்குச் சுவரொட்டி ஒட்டினார், அவருக்குக் குடை பிடித்தார், அவர் செத்ததும் அவருடைய தொகுதியைப் பிடித்தார். சபைக்கு வந்தபோது சுற்றிலும் சட்டம் படித்தவர்கள், வெளிநாட்டில் படித்தவர்கள். அவர்கள் வாயைத் திறந்தால் ஒரு மணி நேரம் பேசுவார்கள். மான்சிக்குக்கு வாயைத் திறக்கப் பயம். அந்தப் பயத்தில்தான் அவருக்கு அந்தச் சொல் கிடைத்தது.

யார் வந்து எது கேட்டாலும், முழுசாகக் கேட்டுவிட்டு, தலையை மெல்ல ஆட்டி, "சரி, புரிஞ்சுது" என்பார்.

அவ்வளவுதான். கேட்டவன் காதில், அவன் எதைக் கேட்க வந்தானோ அது விழுந்தது. பாலம் கேட்டவன் பாலம் வரப்போகிறது என்று போனான். பாலம் வேண்டாம் என்றவனும் நிம்மதியாகப் போனான். பாலம் வந்தால் முதல் ஆளுக்குச் சொன்னது; வராவிட்டால் இரண்டாம் ஆளுக்குச் சொன்னது. பொய் சொன்னார் என்று யாரும் விரல் நீட்ட முடியாது. ஆறு தேர்தல் அப்படி ஜெயித்தார். அவர் இருந்த ஆளுங்கட்சிக்குள் சண்டைபோட்ட இரண்டு கோஷ்டிக்கும் பொதுவான ஆள் வேண்டும் என்று தேடியபோது, இரண்டு கோஷ்டியும் அவரைத் தங்கள் ஆள் என்று நினைத்திருந்தது. அப்படித்தான் சபாநாயகர் ஆனார்.

சபாநாயகர் ஆனால் கட்சியிலிருந்து விலக வேண்டும், அது அங்கே விதி. விலகினார். ஹேபோ மீன் சந்தைக்கு அந்த விதி தெரியாது. 'நம்ம மான்சிக்கைக் கட்சியை விட்டுத் துரத்திட்டானுங்க' என்று செய்தி பரவி, மீன்காரிகள் பஸ் பிடித்து வந்து தலைநகரில் கட்சி அலுவலகத்து வாசலில் கருவாட்டு நாற்றத்தோடு உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். இவர் ஓடிப்போய் விளக்கினார். அவர்கள் நம்பவில்லை. "பயப்படாதய்யா, நாங்க இருக்கோம்," என்று இவருக்கே தைரியம் சொல்லிவிட்டுப் போனார்கள். உண்மையில் அந்த மீன்காரிகள் நம்பாததில்தான் நியாயம் இருந்தது. விலகிவிட்டார் என்பதைக் கட்சியும் நம்பவில்லை, அவரும் நம்பவில்லை.

போன மாதம் ஹேபோவிலிருந்து இன்னொரு கூட்டம் வந்தது. கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வேலை செய்கிறவர்களின் மனைவிமார். முன்னால் நின்றவள் சோன் மால்நியோ. அவளுடைய புருஷன் அந்தத் தளத்தில் வெல்டர்.

"ஐயா, இந்தச் சட்டம் வந்தா மொதல்ல எங்க வீட்டு ஆளுங்களைத்தான் வெளியில தள்ளுவான். நீங்க சுத்தியத் தொடக் கூடாது. வேற யாரு கையிலயும் குடுக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் வந்தோம்."

"சரிம்மா, புரிஞ்சுது," என்றார்.

அதே வாரம் ஜனாதிபதியின் நீல மாளிகையிலிருந்து ஒருவர் வந்து, கடைசி நாளுக்குள் சட்டம் நிறைவேற வேண்டும் என்றார். அவரிடமும் அதையே சொன்னார்.

இதெல்லாம் நினைவில் ஓட, அவர் பியோனோடு சதுரங்கப் பலகையின் முன் உட்கார்ந்தார். நேரம் போக வேண்டுமே. பியோன் மாணவனாக இருந்த காலத்தில் போலீஸில் அடிவாங்கி ஒரு காது மந்தமானவர். இந்தக் கூடத்தில் யாரையாவது கொஞ்சமேனும் நம்பலாம் என்றால் அது இந்த ஆளைத்தான் என்று மான்சிக் நினைத்ததுண்டு. முழுசாக யாரையும் நம்புகிற வழக்கம் அவருக்கு இல்லை.

"அண்ணே, மனசைத் தொட்டுச் சொல்லுங்க. நாங்க வந்து வழிய மறிச்சதுல உங்களுக்குச் சந்தோஷம்தான?"

"ஆட்டத்தைப் பாரு. உன் யானை சாகப்போகுது."

"யானை கெடக்கு. நாங்க வரலைன்னா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

மான்சிக் பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஏனென்றால் பியோன் சொன்னது உண்மை. ஷூக் குவியலைப் பார்த்ததுமே அவருக்குள் ஏதோ இறங்கி லேசாகிவிட்டது. போக முடியவில்லை, நான் என்ன செய்ய? இரண்டு பக்கத்துக்கும் சொல்ல ஒரு வார்த்தை கிடைத்துவிட்டது.

அப்போது கைப்பேசி அடித்தது. ஆளுங்கட்சிக் கொறடா யோம் கிதாக்.

"தலைவரே, உங்களை வெளிய கூட்டிட்டு வர முடியாதுன்னு தெரியும். போலீஸை அனுப்பினா அசிங்கம். மதியம் சின்னக் கூட்ட அறையில எங்க ஆளுங்க எல்லாரும் தயாரா இருப்பாங்க. ஹா நாற்காலியில உட்காருவாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மேல இருந்து காத்துக்கிட்டு இருக்காங்க. அடுத்த தேர்தல்ல ஹேபோ யாருக்குங்கிறதும் இதுலதான் இருக்கு. நான் பச்சையா சொல்றேன்."

எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். பியோன் நல்ல காதைத் திருப்பினார்.

முடியாது என்று சொல்ல வேண்டியதுதான். ஹா உட்காரட்டும் என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டுக்கும் நாக்கு எழவில்லை. பழகிய நாக்கு பழகிய இடத்துக்குப் போனது.

"சரிப்பா, புரிஞ்சுது."

போனை வைத்தார். பலகையில் ஒரு குதிரையை நகர்த்தினார். தப்பான கட்டத்துக்கு நகர்த்தினார்.

"யாரு அண்ணே?"

"யோம். சும்மா புலம்புறான்."

ஓக்பூன் சூப்பு கொண்டுவந்தாள். பட்டினிப் போராட்டம் என்றவர்தான் முதலில் கிண்ணத்தை நீட்டினார். முள்ளங்கி ஊறுகாய் கடிக்கும் சத்தம், உறிஞ்சும் சத்தம். அவர்களில் தாக் மிசூக் என்ற பெண் உறுப்பினர், முன்பு தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள், எழுந்து போய் ஓக்பூனோடு பாத்திரம் கழுவினாள்.

மதியம் தொலைக்காட்சியில் படம் மாறியது. சின்ன அறை. கதவை உள்ளே மேசை போட்டு அடைத்திருந்தார்கள். ஹா நின்றபடியே சுத்தியை எடுத்து மூன்று தட்டு தட்டினார். தட்டுகிற வேகத்தில் சுத்தி கையிலிருந்து நழுவியது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். யோம் முன்னால் வந்து, "சபாநாயகர் தொலைபேசியில் தன் அதிகாரத்தைத் துணை சபாநாயகரிடம் ஒப்படைத்தார், எல்லாம் முறைப்படி நடந்தது," என்றார்.

கூடத்தில் யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் மான்சிக்குக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அண்ணே," என்றார் பியோன். "போன்ல என்ன சொன்னீங்க?"

"நீ பக்கத்துலதான இருந்த. புரிஞ்சுதுன்னேன்."

"அதான் கேக்குறேன். என்ன சொன்னீங்க?"

"புரிஞ்சுதுன்னா புரிஞ்சுதுன்னு அர்த்தம். அவன் சொன்னது காதுல விழுந்துச்சு, அவ்வளவுதான். நாற்காலியக் குடுத்தேன்னு நான் சொல்லவே இல்ல."

"எங்க தொழிற்சாலையில சூப்பர்வைசர்கிட்ட நாங்க புரிஞ்சுதுன்னு சொன்னா, ராத்திரி ஷிப்டும் பாக்குறோம்னு அர்த்தம்," என்றாள் தாக் மிசூக், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே. "உங்க வீட்டு சூப்பக் குடிச்சுட்டு உங்களையே காவல் காத்தோம். நல்லா ஏமாந்தோம்."

"நான் ஏமாத்தல மிசூக்."

"அப்ப யோமை ஏமாத்துனீங்களா? யாரோ ஒருத்தர் ஏமாந்துதான இருக்கணும்?"

அவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். வாசலில் குனிந்து தங்கள் ஷூவைத் தேடினார்கள். அவசரத்தில் ஒருவருடையதை ஒருவர் மாட்டிக்கொண்டு, கழற்றி, மறுபடியும் தேடினார்கள். பியோன் கடைசியாகப் போனார். எப்போதும் இடுப்பு வரை குனிந்து கும்பிட்டுவிட்டுப் போகிறவர், அன்று தலையைக்கூட அசைக்கவில்லை.

வீடு வெறிச்சோடியது. கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. முதலில் யோம். "தலைவரே, மேல ரொம்ப சந்தோஷம். ஹேபோ உங்களுக்குத்தான். வெளிய பத்திரிகைக்காரங்க நிக்கிறாங்க, ஒண்ணும் சொல்லாதீங்க. எப்பவும் மாதிரி தலையாட்டிட்டு உள்ள போயிடுங்க. அது உங்களுக்குக் கைவந்த கலையாச்சே."

அதன் பிறகு ஹேபோவிலிருந்து சோன் மால்நியோ. திட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து எடுத்தார்.

"ஐயா, டிவியில பாத்தேன். பொய்தான் சொல்றானுங்க, இல்ல? நீங்க குடுத்திருக்க மாட்டீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எங்ககிட்ட மூஞ்சிக்கு நேரா புரிஞ்சுதுன்னு சொன்னவரு எப்படிக் குடுப்பாருன்னு கேட்டேன். எல்லாரும் வாய மூடிட்டாங்க. தெம்பா இருங்க ஐயா."

அவர் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. பழைய போன், சத்தம் கேட்கவில்லை போல என்று நினைத்து அவள் வைத்துவிட்டாள்.

ஆறு தேர்தலில் அவரைத் திட்டியவர்களை அவர் தாங்கியிருக்கிறார். நம்புகிறவளைத் தாங்க முடியவில்லை. எதற்காக நம்புகிறாள்? எதை வைத்து? அந்தச் சொல்லில் ஒன்றுமே இல்லை என்பது அவளுக்கு ஏன் தெரியவில்லை?

ஓக்பூன் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நான் குடுத்தேனா, குடுக்கலையா?"

"என்கிட்ட கேக்குறீங்களா?"

"நீதான அடுக்களையில இருந்து கேட்டுக்கிட்டு இருந்த."

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "எங்கம்மா படுக்கையில கெடந்தப்ப, ஊருக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டேன். புரிஞ்சுதுன்னீங்க. நான் பெட்டியக் கட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அம்மா செத்த பிறகுதான் போனோம். அன்னைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்களா, மாட்டேன்னு சொன்னீங்களான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. இதுல யோமுக்குச் சொன்னது மட்டும் எப்படித் தெரியும்?"

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவளுக்கு அழுகை இல்லை, கோபமும் இல்லை. கிண்ணத்தை மறுபடியும் எடுத்து அடுக்கினாள்.

மான்சிக் கூடத்தின் நடுவில் நின்றார். குடுத்தேனா இல்லையா என்பதற்கு உள்ளே எவ்வளவு தோண்டினாலும் பதில் இல்லை என்பது அவருக்குத் தெரிந்துபோனது. அந்தச் சொல்லைச் சொன்னபோது மனசில் ஒன்றுமே இல்லை. யார் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்குச் சொன்னதாக இருக்கட்டும் என்று விட்டிருந்தார். இப்போது யோம் ஜெயித்துவிட்டான். பேசாமல் இருந்தால், கொடுத்ததாக ஆகிவிடும். பேசாமல் இருப்பதுதான் கொடுப்பது.

கோட்டைப் போட்டுக்கொண்டார்.

"எங்க போறீங்க?"

"வாசலுக்கு."

"மப்ளரக் கட்டிக்கிட்டுப் போங்க. பனி கொட்டுது."

வாயிற்கதவுக்கு வெளியே பத்திரிகைக்காரர்கள் மொய்த்திருந்தார்கள். அவர் வந்ததும் விளக்குகள் முகத்தில் அடித்தன. அதிகாரத்தைத் துணை சபாநாயகரிடம் கொடுத்தீர்களா என்று ஒருவன் கேட்டான்.

"குடுக்கல."

எழுதிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு ஒருவன் சொன்னான்: "தலைவரே, முறைப்படி முழுசாக் குடுக்கலைன்னு எடுத்துக்கலாமா? அதாவது, ஓரளவுக்குச் சம்மதம்தான்னு?"

முப்பது வருஷமாக அவர் பேச்சுக்கு அர்த்தம் கண்டுபிடித்தே பழகியவர்கள். நேராக ஒரு சொல் வந்தால் அவர்களுக்கு வளைக்கத்தான் தெரியும்.

"இல்லப்பா. நான் குடுக்கல. குடுக்காம ஹா தட்டுன சுத்தி வெறும் கட்டை. அந்தச் சட்டம் நிறைவேறல. அதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன், அரசாங்கத்துக்கு அனுப்பவும் மாட்டேன்."

"அப்ப போன்ல புரிஞ்சுதுன்னு சொன்னதா கொறடா சொல்றாரே. அவர் பொய் சொல்றாரா?"

யோம் பொய் சொல்கிறான் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. அதற்கு நாக்கு தயாராக நின்றது.

"அவன் பொய் சொல்லல. அப்படித்தான் சொன்னேன். மாட்டேன்னு சொல்லத் தைரியம் இல்லாம சொன்னேன். அவனுக்கும் சொன்னேன், எங்க ஊர்ப் பொம்பளைங்களுக்கும் சொன்னேன். ரெண்டு பேர்ல ஒருத்தர ஏமாத்தணும்னு நான்தான் வச்சிருந்தேன். எழுதிக்கங்க. இந்த நாற்காலிக்கு நான் லாயக்கில்ல. நாளைக்கு ராஜினாமா குடுக்குறேன். ஆனா அந்தச் சட்டம் நிறைவேறல. அதை மட்டும் மாத்தி எழுதாதீங்க."

பனி மைக்குகளின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கூட்டத்தொடர் சட்டமில்லாமல் முடிந்தது. கட்சி அவருக்கு மூளை கலங்கிவிட்டது என்றது. எதிர்க்கட்சி அவர் சொன்னதைச் சுவரொட்டியில் போட்டது, பியோன் மட்டும் வந்து பார்க்கவில்லை. செர்ரி பூக்கிற மாதத்தில் புது சபாநாயகர் வந்தார். அவர் முறைப்படி உட்கார்ந்து, முறைப்படி தட்டி, அதே சட்டத்தை நிறைவேற்றினார். நடுவில் நடந்த கூச்சலில் ஒரே ஒரு வரி மாறியிருந்தது: ஆளை அனுப்புவதற்கு முன் அவனுக்குச் சொல்ல வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். ஒரு வரிக்கு ஒரு மனுஷன் ஆயுசெல்லாம் உழைத்துப் பிடித்த பதவி போனது. லாபமா நஷ்டமா என்று கணக்குப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

மான்சிக்கும் ஓக்பூனும் ஹேபோவுக்கே திரும்பினார்கள். மழைக்காலம் தொடங்கியபோது சோன் மால்நியோ ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். தளத்தில் வேலையை விட்டு அனுப்பப்போகிறவர்களின் பெயர்ப் பட்டியல் போட்டுவிட்டார்கள். புருஷன் பெயர் அதில் இருந்தது.

"ஐயா, முதலாளி உங்களுக்குத் தெரிஞ்சவருதான? உங்க கையால கருவாடு வாங்கித் தின்னவரு. ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா அவரு பேர எடுத்துருவாரு."

முதலாளி இப்போது அவர் போனை எடுப்பதில்லை. இரண்டு முறை வேறு வேலையாகக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டார். அது அவளுக்குத் தெரியாது. தலையாட்டினால் போதும், அவள் சந்தோஷமாகப் போவாள். ஒரு மாதம் நம்பிக்கையோடு இருப்பாள்.

"என்னால முடியாதும்மா," என்றார்.

"கேட்டுப் பாத்தாத்தானய்யா தெரியும்."

"கேட்டாலும் நடக்காது. அவன் என் பேச்ச இப்ப கேக்க மாட்டான். நீங்க அத நம்பி இருக்காதீங்க. வேற வேலை தேடச் சொல்லுங்க, இன்னைக்கே."

அவள் முகம் மாறியது. "அன்னைக்கு டிவியில எங்களுக்காகத்தான பேசினீங்க? பதவி இருந்தப்ப எவ்வளவு அன்பாப் பேசுவீங்க. இப்ப ஒரு வார்த்தைக்கும் வழியில்லையா?"

அவள் குடையை விரித்துக்கொண்டு, கும்பிடாமல், சந்தைப் பக்கம் வேகமாக நடந்தாள். ஓக்பூன் உள்ளேயிருந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"கோவிச்சுக்கிட்டுப் போறா," என்றாள்.

"போகட்டும். வேற வேலை தேடச் சொல்லி புருஷன்கிட்ட இன்னைக்கே சொல்லுவா."

மழையில் அவள் குடை சந்தை வளைவைத் தாண்டும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.